வரி ஆபீஸில் ஒரு சிலந்தி

பி.காம். படிக்கிறவனுக்குச் சிலந்தியோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது நண்பர்களே. விலங்குகளுக்குப் பெயர் வைத்த வரலாற்றை எடுத்துப் பார்த்தால் அது பாதி கணக்கியல், பாதி சட்டம். ஆரம்ப இருப்பு உண்டு, கட்-ஆஃப் தேதி உண்டு, தவறாகப் பதிந்ததைத் திருத்தும் பதிவு உண்டு, சீனியாரிட்டித் தகராறும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் நண்டுச் சிலந்தியைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நண்டுச் சிலந்தி வலை கட்டிக் காத்திருக்கிற ஜாதி இல்லை. முன்னால் இருக்கும் இரண்டு ஜோடிக் கால்கள் நீளம், பின்னால் இருப்பவை குட்டை. நண்டு மாதிரியே பக்கவாட்டில் நகரும். பூவின் மேல் கால்களை விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். தேனீ வந்து அமர்ந்ததும் ஒரே பிடி, ஒரே கடி. அவ்வளவுதான். இந்த வகையில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அதிகம் பேசப்படுவது 'மிசுமெனா வேஷியா' என்கிற சிலந்தி. பெண் அதிகபட்சம் 10 மில்லிமீட்டர், ஆண் அதில் பாதிகூடத் தேறாது. நம் சுண்டுவிரல் நகத்தில் ஆண் சிலந்திகள் நாலு பேர் தாராளமாக உட்காரலாம் :)

இந்தப் பொடிசின் பெயருக்குப் பின்னால் ஒரு வரி அலுவலர் இருக்கிறார்.

விலங்கியலில் பெயர்களுக்கு ஒரு தொடக்க நாள் உண்டு: 1758 ஜனவரி 1. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் எழுதிய 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பு அந்த நாளில் வெளியானதாகக் கொண்டு, அதற்கு முன்னால் யார் எந்த விலங்குக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் செல்லாது என்று முடிவு செய்துவிட்டார்கள். அரிஸ்டாட்டில் வைத்ததானாலும் செல்லாது. பழைய கணக்கை மூடிவிட்டு, அந்தத் தேதியில் புதுப் பேரேடு திறந்தாயிற்று. இதற்கு விதிவிலக்கு ஒன்றே ஒன்று. 1757-இல் வந்த ஒரு புத்தகம் மட்டும் செல்லும். அது சிலந்திகளைப் பற்றியது. எழுதியவர் கார்ல் அலெக்சாண்டர் கிளர்க்.

பெயரே கிளர்க் என்று சிரிக்காதீர்கள், அது குடும்பப் பெயர். ஆனால் பார்த்த வேலையும் ஏறக்குறைய அதுதான். 1709-இல் பிறந்தவர். உப்சாலா பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் படித்தார். பிறகு ஸ்டாக்ஹோம் நகரத்தின் வரி நிர்வாகத்தில் உத்தியோகம். 1739-இல் லின்னேயஸ் ஸ்டாக்ஹோமில் பேசிய ஒரு சொற்பொழிவைக் கேட்கப் போனார். அப்போது இவருக்கு வயது முப்பது. அங்கிருந்து ஆரம்பித்தது கிறுக்கு. பகலில் வரிக் கணக்கு, மற்ற நேரத்தில் பூச்சியும் சிலந்தியும். பேராசிரியர் பதவி இல்லை, தலைக்குப் பின்னால் பெரிய நிறுவனம் இல்லை. பதினெட்டு வருடம் கழித்துப் புத்தகம் வந்தது.

'ஸ்வென்ஸ்கா ஸ்பிண்ட்லார்' என்பது அதன் பெயர். 'ஸ்வீடன் நாட்டுச் சிலந்திகள்' என்று பொருள். ஸ்வீடிஷ் மொழியிலும் லத்தீனிலும் சேர்ந்தே எழுதப்பட்டது. கையால் வண்ணம் தீட்டிய படங்கள். அறுபதுக்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள். அடுத்த வருடம் வந்த லின்னேயஸின் மாபெரும் நூலில் உலகம் முழுவதற்குமான சிலந்திகளின் எண்ணிக்கையே நாற்பதைத் தாண்டவில்லை, அதையும் பூச்சிகளோடு சேர்த்துவிட்டிருந்தார். ஒரே ஒரு நாட்டின் சிலந்திகளை மட்டும் பார்த்தவர், உலகத்தையே பட்டியல் போட்டவரை விட அதிகம் பார்த்திருந்தார். நின்று நிதானமாக ஒரு தெருவைக் கணக்கெடுப்பவனுக்கும், குதிரையில் போய்க்கொண்டே ஊரைக் கணக்கெடுப்பவனுக்கும் இருக்கிற வித்தியாசம்.

கிளர்க் செய்த இன்னொரு காரியம்தான் முக்கியம். ஒவ்வொரு சிலந்திக்கும் இரண்டே சொல்லில் பெயர் வைத்தார். அதுவரை வழக்கம் வேறு. 1678-இல் மார்ட்டின் லிஸ்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தம் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி அருமையாக எழுதியிருந்தார். ஆனால் அவர் காலத்தில் ஓர் உயிரைக் குறிப்பிட வேண்டுமென்றால் ஒரு வரி நீளத்துக்கு வர்ணனை எழுத வேண்டும். "மாடிவீட்டு முருகேசனோட ரெண்டாவது பையன், சிவப்பா, உயரமா இருப்பானே" என்கிற மாதிரி. கிளர்க் அதை விட்டுவிட்டு முதல் சொல் எல்லாச் சிலந்திக்கும் பொதுவாக 'அரேனியஸ்', இரண்டாவது சொல் அந்தந்த இனத்துக்கு, என்று வரிசையாகப் பதிந்தார். வரி செலுத்துவோர் பட்டியல் எழுதிப் பழகிய கையாயிற்றே என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான், ஆதாரம் கேட்காதீர்கள்.

நம்முடைய பூச்சிலந்திக்கு அவர் வைத்த பெயர் 'அரேனியஸ் வேஷியஸ்'. லத்தீனில் வேஷியஸ் என்றால் கால் வளைந்தவன். நம்மூரில் என்றால் 'வளைகாலன்' என்று பட்டப்பெயர் வைத்திருப்பார்கள். ஒரு முறை பார்த்தால் போதும், அந்தப் பெயர் ஏன் என்று புரிந்துவிடும்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. லின்னேயஸும் 1758-இல் ஒரு பூச்சிலந்திக்குப் பெயர் வைத்தார்: 'அரேனியா கேலிசினா'. இரண்டும் ஒரே சிலந்தி என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு ஆளுக்கு இரண்டு பெயர். எதை வைத்துக்கொள்வது? விலங்கியலில் பதில் எளிது, எது முந்தியதோ அது. அப்படியென்றால் 1757 தானே முந்தியது? ஆமாம். ஆனால் பேரேடு திறந்த தேதி 1758 ஆயிற்றே. திறப்பதற்கு முன் போட்ட பதிவு எப்படிச் செல்லும்?

இந்தத் தேதியே எடுத்த எடுப்பில் முடிவானது இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 1842-இல் ஹ்யூ ஸ்ட்ரிக்லண்ட் தலைமையில் இங்கிலாந்தில் விதிமுறை எழுதியபோது தொடக்கமாக எடுத்துக்கொண்டது லின்னேயஸின் பத்தாம் பதிப்பை அல்ல, பன்னிரண்டாம் பதிப்பை. அதாவது 1766. அந்த விதிப்படி பார்த்தால் கிளர்க் ஒன்பது வருடம் முன்னால், லின்னேயஸின் பத்தாம் பதிப்பே எட்டு வருடம் முன்னால். பிறகுதான் தேதி பத்தாம் பதிப்புக்கு நகர்ந்தது. கட்-ஆஃப் தேதியை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து யாருடைய உழைப்பு கணக்கில் வரும், யாருடையது வராது என்பது மாறுகிறது. தணிக்கைப் பாடத்தில் மார்ச் 31-க்கு ஒரு நாள் முன்னால் வந்த சரக்கையும் ஒரு நாள் பின்னால் வந்த சரக்கையும் பற்றி மாய்ந்து மாய்ந்து சொல்லித் தருவார்களே, அதே விவகாரம்.

கிளர்க்குக்காக வாதாடியவர்களில் பெரிய ஆள் தாமர்லான் தோரெல் (1830–1901). இவரும் ஸ்வீடன்காரர். 1869-70-இல் வந்த தம்முடைய ஐரோப்பியச் சிலந்திகள் நூலில் கிளர்க்கின் பெயர்களையே எடுத்தாண்டார். இரண்டு சொல் பெயரை ஒழுங்காக, தொடர்ச்சியாக, ஒரு முழு நூலிலும் பயன்படுத்தியவரை வருடக் கணக்கு பார்த்துத் தள்ளுவது நியாயமில்லை என்ற கட்சி. எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் சில அமெரிக்க ஆய்வாளர்கள் இதே சிலந்தியை 'கேலிசினா' என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரே சிலந்தி, அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் ஒரு பெயர்.

கடைசியில் தீர்ப்பு எழுதிய விதம் ரொம்பவே ரசிக்கத்தக்கது. 1999-இல் வெளியாகி 2000 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதிகளின் நான்காம் பதிப்பில் மூன்றாவது பிரிவைப் பாருங்கள். லின்னேயஸின் பத்தாம் பதிப்பு, கிளர்க்கின் சிலந்தி நூல், இரண்டுமே 1758 ஜனவரி 1 அன்று வெளிவந்ததாகக் கருதப்படும். இரண்டும் மோதினால் கிளர்க்கின் பெயருக்கே முன்னுரிமை. அவ்வளவுதான் சாராம்சம். தேதியை மாற்றாமல், புத்தகத்தைத் தேதிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பின் தேதியிட்ட காசோலை மாதிரி. கையெழுத்துப் போட்டது 1757, செல்லுபடியாவது 1758. உண்மையில் வெளிவந்த வருடம் 1757 என்பதால் சிலந்தி ஆய்வாளர்கள் அவர் பெயருக்குப் பக்கத்தில் 1757 என்றே எழுதுகிறார்கள்.

இது நியாயமா? கிளர்க் விஷயத்தில் நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஒரு முறைமையைத் தொடங்கி வைத்தவர் என்ற பெருமை லின்னேயஸுக்குப் போகட்டும், அதை விலங்குகளில் ஒரு முழு நூலில் செய்து காட்டியவர் ஒரு வருடம் முந்திக்கொண்டார் என்பதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. ஆனால் லிஸ்டர்? அவருடைய வர்ணனைகள் எந்த விதத்திலும் மட்டமில்லை. 1736-இல் இங்கிலாந்தில் எலியசார் ஆல்பின் சிலந்திகளுக்கென்றே ஒரு படப் புத்தகம் போட்டார். இவர்கள் பார்த்த சிலந்திகளும் பிற்பாடு பெயர் பெற்றன, வேறு யாரோ வைத்த பெயர். கோடு கிழித்தால் கோட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்கத்தான் செய்வார்கள். பெயரில்லாத பதிவைப் பேரேட்டில் ஏற்ற முடியாது என்பது சட்டப்படி சரி. மனசுக்குச் சரி என்று படவில்லை.

சரி, 'அரேனியஸ் வேஷியஸ்' எப்படி 'மிசுமெனா வேஷியா' ஆனது? எல்லாச் சிலந்தியையும் ஒரே பெயரில் போட்டுக்கொண்டே போனால் பட்டியல் தாங்காது அல்லவா? பிரிக்க வேண்டும். பிரித்தவர் பியர் ஆந்த்ரே லாத்ரேய் என்கிற பிரெஞ்சுக்காரர். இவர் கதையைச் சொல்லாமல் போனால் பாவம் பிடிக்கும்.

லாத்ரேய் ஒரு பாதிரியார். பிரெஞ்சுப் புரட்சி நடக்கிறது, பாதிரிகளுக்கு ஆபத்தான நேரம். 1793-இல் சிறையில் போட்டுவிட்டார்கள், தலைக்கே ஆபத்து. கைதிகளைச் சோதிக்க வந்த மருத்துவர் பார்க்கிறார், எல்லோரும் உயிர்ப் பயத்தில் இருக்க, ஒரு மனிதர் மட்டும் தரையில் ஊர்கிற வண்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன என்று கேட்டால், "இது அபூர்வமான வண்டு" என்கிற மாதிரி பதில். மருத்துவர் அந்த வண்டை வாங்கிக்கொண்டு போய், போரி த சேன்-வேன்சான் என்கிற பதினைந்து வயதுப் பையனிடம் கொடுத்தார். அந்தப் பையனுக்கு இயற்கை ஆராய்ச்சியில் பைத்தியம், லாத்ரேயின் எழுத்துகளையும் அறிந்தவன். முட்டி மோதி அவரை விடுதலை செய்ய வைத்தான். கூட இருந்த ஒரு கைதிக்கும் விடுதலை கிடைத்தது. மற்றவர்கள் ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார்கள். அந்த வண்டின் பெயர் 'நெக்ரோபியா ரூஃபிகாலிஸ்'. காய்ந்த இறைச்சியையும் தோலையும் மொய்க்கிற சாதாரணப் பிராணி.

வண்டு காப்பாற்றிய அந்த மனிதர் 1804-இல் நம் பூச்சிலந்தியைத் தனிப் பேரினமாகப் பிரித்து 'மிசுமெனா' என்றார். கிரேக்க மொழியில் 'வெறுக்கப்பட்டவள்' என்று அர்த்தம். வெள்ளையும் மஞ்சளுமாக, சில சமயம் பக்கத்தில் சிவப்புக் கோட்டோடு இருக்கும் இவ்வளவு அழகான உயிருக்கு ஏன் அந்தப் பெயர்? தேனீயின் பக்கமிருந்து பார்த்தால் பொருத்தம்தான். முதல் சொல் பெண்பால் ஆனதால் 'வேஷியஸ்' என்பதும் 'வேஷியா' ஆனது. லத்தீன் இலக்கணம் அப்படி.

மறு வருடமே, 1805-இல், இன்னொரு பிரெஞ்சுக்காரர் நண்டுச் சிலந்திகளில் 'தோமிசஸ்' என்ற பேரினத்தை உண்டாக்கினார். சார்ல் வால்க்னேர். இவரும் அரசு உத்தியோகஸ்தர்தான், மாவட்ட நிர்வாகியாக இருந்தவர். பொழுதுபோக்குகளுக்குக் கணக்கே இல்லை. கவிஞர் லா ஃபோன்தேனின் வாழ்க்கை வரலாறு எழுதினார், புவியியல் எழுதினார். ஹுவான் தெ லா கோசா 1500-இல் வரைந்த, அமெரிக்காவைக் காட்டும் புகழ்பெற்ற வரைபடத்தை 1832-இல் பாரிஸில் ஒரு பழம்பொருள் கடையில் கண்டெடுத்தவரும் இவரேதான்! சிலந்தி ஆராய்ச்சி இப்படிப்பட்டவர்களால்தான் வளர்ந்திருக்கிறது. முழுநேரச் சிலந்திக்காரர்கள் என்று ஒரு வர்க்கம் பிற்பாடு வந்ததுதான்.

'தோமிசஸ்' என்ற பெயரில் கயிறு என்கிற கிரேக்கச் சொல் ஒளிந்திருக்கிறது. இரையைக் கயிற்றால் கட்டவே தெரியாத சிலந்திக்கு இப்படியொரு பெயரா என்று ழான் ஆன்ரி ஃபாப்ர் கிண்டலாகக் கேட்டிருக்கிறார். 'தோமிசஸ் ஓனஸ்டஸ்' தேனீயைக் கழுத்தில் கடித்துக் கொல்வதை அருகிலிருந்து பார்த்து எழுதியவர் அவர். பெயர் பொருந்தாவிட்டாலும் மாற்ற முடியாது. முந்தி வந்ததுதான் சட்டம், பொருத்தம் சட்டமில்லை. 1833-இல் சுண்டெவால் என்ற இன்னொரு ஸ்வீடன்காரர் இந்தக் கூட்டம் முழுவதையும் ஒரே குடும்பமாக்கி 'தோமிசிடே' என்றார். ஆகவே கயிறு இல்லாத குடும்பத்துக்குக் கயிற்றுப் பெயர் நிரந்தரமானது. இன்று அந்தக் குடும்பத்தில் 2000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

ஐரோப்பாவுக்கு வெளியே போனால் தொனி மாறுகிறது. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் ராணுவ மருத்துவராக இருந்த டோலெஷால், அம்போன் தீவின் சிலந்திகளை விவரித்தார். 'தோமிசஸ் ஸ்பெக்டபிலிஸ்' அவர் வைத்த பெயர், 1859. அதே வருடம் அந்தத் தீவிலேயே இளம் வயதில் இறந்துபோனார். இந்தியாவில் ஸ்டோலிஸ்கா, மொராவியாக்காரர், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை. 1869-இல் கல்கத்தாவின் ஏசியாடிக் சொசைட்டி இதழில் 'தோமிசஸ் ப்யூஜிலிஸ்' என்ற நம் நாட்டு நண்டுச் சிலந்தியை விவரித்தார். 1874-இல் யார்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கின் உயரம் அவர் உயிரைக் குடித்தது. லேயில் நினைவுச் சின்னம் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வேலையைத் தூக்கிச் சுமந்தவர் பி.கே. டிக்காடர். இந்திய விலங்கின வரிசையில் நண்டுச் சிலந்திகளுக்கான அவருடைய தொகுதி 1980-இல் வந்தது. நம் நாட்டில் பூவில் ஒரு வெள்ளைச் சிலந்தியைப் பார்த்துவிட்டு இது என்ன இனம் என்று தேட ஆரம்பிப்பவர்கள் எப்படியும் அந்தப் புத்தகத்தில் போய் நிற்பார்கள்.

இதற்கிடையில் 'மிசுமெனா' ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் ஆகிவிட்டது. எங்கே போடுவது என்று தெரியாத சின்ன நண்டுச் சிலந்திகளையெல்லாம் அதில் போட்டார்கள். 1900-இல் எஃப்.ஓ. பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் அதிலிருந்து 'மிசுமெனாப்ஸ்', 'மிசுமெனாய்டிஸ்' என்று பிரித்தார். பெயரைப் பார்த்தாலே தெரியும், மிசுமெனா மாதிரி இருக்கும் ஆனால் மிசுமெனா இல்லை. பிரித்தும் என்ன பயன்? அடுத்த நூறு வருடத்தில் 'மிசுமெனாப்ஸ்' இன்னொரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் ஆனது. 2008-இல் லெஹ்டினென், மாருசிக் இருவரும் உட்கார்ந்து அதைத் தீர்த்தார்கள். வட அமெரிக்க இனங்களில் பெரும்பாலானவை 'மெகாஃபேசா' என்ற கணக்குக்கு மாற்றப்பட்டன. அதுவும் புதுப் பெயர் இல்லை, 1900-இல் யூஜீன் சிமோன் வைத்தது. ஒரு நூற்றாண்டு கழித்து வரவு வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு சண்டை போட்டுப் பெயர் வைத்த சிலந்தி அப்படி என்னதான் செய்கிறது என்று கேட்டால், நிறம் மாறுகிறது. வளர்ந்த பெண் 'மிசுமெனா வேஷியா' வெள்ளைப் பூவிலிருந்து மஞ்சள் பூவுக்குப் போனால் 10 முதல் 25 நாளில் மஞ்சளாகும். திரும்ப வெள்ளையாக ஆறு நாள் போதும். பச்சோந்தி மாதிரி நிமிடக் கணக்கில் இல்லை. உடலுக்குள் மஞ்சள் நிறமியைத் தயாரித்துத் தோலுக்கு அனுப்ப வேண்டும், அதற்குத்தான் இத்தனை நாள். 1927-இல் காப்ரிசெவ்ஸ்கி இதைப் பரிசோதனை செய்து எழுதினார். ஒளிந்துகொள்ளத்தான் நிறம் மாறுகிறது என்று எல்லோரும் நிம்மதியாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

2003-இல் அந்த நிம்மதி போனது. ஆஸ்திரேலியாவில் ஹைலிங், ஹெர்பர்ஸ்டைன், சிட்கா மூவரும் டோலெஷாலின் 'ஸ்பெக்டபிலிஸ்' சிலந்தியை ஆராய்ந்தார்கள். நம் கண்ணுக்கு வெள்ளைப் பூவில் வெள்ளைச் சிலந்தி தெரியாது. ஆனால் தேனீக்குப் புற ஊதாக் கதிர் தெரியும். அந்தச் சிலந்தி புற ஊதாவைப் பிரதிபலிக்கிறது, பூ அவ்வளவாகச் செய்வதில்லை. தேனீயின் கண்ணுக்குச் சிலந்தி பளிச்சென்று தெரிகிறது! தெரிந்தும் தேனீ அந்தப் பூவையே தேடி வருகிறது. ஒளிந்துகொள்ளவில்லை, விளம்பரப் பலகை வைத்திருக்கிறது. ஏமாந்தவை மனிதர் கொண்டுவந்த ஐரோப்பியத் தேனீக்கள். காலங்காலமாக அதே சிலந்தியோடு வாழ்ந்த ஆஸ்திரேலிய நாட்டுத் தேனீக்களோ கிட்டே வந்து பார்த்துவிட்டு இறங்காமல் விலகிப் போயின. 2010-இல் நம் 'வேஷியா'வைப் பற்றியும் ஒரு ஆய்வு வந்தது. பூவோடு நிறம் பொருந்தி இருப்பதால் அதற்குப் பெரிதாக லாபம் ஒன்றும் கிடைக்கவில்லை என்று முடிவு. அப்படியானால் எதற்காக நிறம் மாறுகிறது? பறவைகளுக்குப் பயந்தா? இன்னும் வாதம் நடக்கிறது.

இன்று உலகச் சிலந்திகளின் முழுப் பேரேடு ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பராமரிக்கப்படுகிறது. அதற்கு முன் நியூயார்க்கில் நார்மன் பிளாட்னிக் பல வருடம் பார்த்துக்கொண்ட பட்டியல் அது. 2022 ஏப்ரலில் 50,000-ஆவது இனம் பதிவானது. அதில் நம் சிலந்தியின் வரி இப்படி இருக்கும்: மிசுமெனா வேஷியா (கிளர்க், 1757). பெயரையும் வருடத்தையும் அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பது அச்சுப்பிழை இல்லை. பெயர் வைத்தவர் இதை வேறு பேரினத்தில் வைத்திருந்தார், பிறகு இடம் மாறியிருக்கிறது என்பதற்கான குறி அது. தோட்டத்தில் வட்ட வலை கட்டும் ஐரோப்பியச் சிலந்தியைப் பார்த்தால் அரேனியஸ் டயடெமேட்டஸ் கிளர்க், 1757 என்று அடைப்புக்குறி இல்லாமல் இருக்கும். அந்த வரி ஆபீஸ்காரர் போட்ட இடத்திலேயே அது இன்னும் இருக்கிறது.